ஸ்கூல் வாசல்ல துப்பாக்கியோட ஒருத்தர் நின்னா போதுமா? டெக்ஸாஸ்ல இருந்து என் பதில்

நீங்க கேட்டது ரெண்டு விஷயம். அக்கா குடும்பம் ரெண்டு குழந்தைங்களோட டல்லாஸ் பக்கம் குடி வரப்போறாங்க, ஊர்ல அம்மா டிவில பாத்த ஸ்கூல் துப்பாக்கிச்சூடு செய்தியெல்லாம் நெனச்சு நெனச்சு தூங்க மாட்டேங்கறாங்க, அதனால "இவ்ளோ பணம் இருக்கற நாட்டுல ஸ்கூலுக்கு ஸ்கூல் துப்பாக்கியோட ரெண்டு பேர நிறுத்தினா முடிஞ்சுதே, ஏன் செய்யல? இல்ல துப்பாக்கி விக்கறதையே தடை பண்ணிட்டா என்ன?"ன்னு கேட்டிருக்கீங்க. நான் ஈரோட்டுக்காரி. 2009ல இருந்து டெக்ஸாஸ்ல இருக்கேன், கடைசி ஆறு வருஷமா ஒரு எலிமென்டரி ஸ்கூல்ல டீச்சருக்கு உதவியாளா வேலை பாக்கறேன், என் பொண்ணும் இங்க அரசாங்கம் நடத்தற பப்ளிக் ஸ்கூல்லதான் படிக்கறா. வாரத்துல அஞ்சு நாள் அந்தக் கதவுக்கு உள்பக்கம் இருக்கறவ நான், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல் கேள்விக்கு நேர் பதில் என்னன்னா, டெக்ஸாஸ்ல அது ஏற்கனவே சட்டம். 2022 மே மாசம் உவால்டேங்கற ஊர்ல 19 குழந்தைங்களும் 2 டீச்சருங்களும் இறந்துபோன பிறகு மாநில சட்டசபை ஒரு சட்டம் போட்டுச்சு, 2023 செப்டம்பர் 1ல இருந்து ஒவ்வொரு பப்ளிக் ஸ்கூல்லயும் ஸ்கூல் நேரத்துல ஆயுதம் வெச்சிருக்கற ஆபீசர் ஒருத்தராவது இருந்தாகணும். ஆனா அதுக்கு ஆரம்பத்துல மாநிலம் குடுத்த பணம் ஒரு ஸ்கூலுக்கு வருஷம் 15,000 டாலர், கூட ஒரு மாணவருக்கு 10 டாலர். ஒரு போலீஸ் ஆபீசரோட வருஷ சம்பளத்துல பாதிகூட இதுல வரல. அதுவும் போக அத்தன ஸ்கூலுக்கும் ஆள் எங்க கிடைக்கும்? அதனால நிறைய ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதாவது ஒரு பகுதியோட ஸ்கூலுங்கள நடத்தற நிர்வாகம், "எங்களால முடியல, தக்க காரணம் இருக்கு"ன்னு தீர்மானம் போட்டு விதிவிலக்கு எடுத்துக்கிச்சு, அதுக்குப் பதிலா ட்ரெயினிங் குடுத்த ஸ்டாஃப் யாராவது துப்பாக்கி வெச்சுக்கலாம்னு சட்டத்துலயே இடம் இருக்கு. ஃப்ளோரிடாவும் 2018லயே இதேபோல எல்லா ஸ்கூல்லயும் ஆயுதத்தோட ஆள் வேணும்னு சட்டம் போட்டுருச்சு. அதனால "ஏன் செய்யல"ன்னு இல்லைங்க, செய்றாங்க. செஞ்சும் என்ன ஆச்சுங்கறதுதான் கேள்வி.

இந்த யோசனை எங்க இருந்து பெருசா கிளம்புச்சுன்னா, 2012 டிசம்பர் 14, கனெக்டிகட்ல சாண்டி ஹுக் எலிமென்டரி ஸ்கூல். 20 குழந்தைங்க, எல்லாம் ஆறு ஏழு வயசு, கூட 6 பெரியவங்க இறந்துபோனாங்க. அது நடந்து ஒரே வாரத்துல என்.ஆர்.ஏ.ன்னு சொல்ற துப்பாக்கி வெச்சிருக்கறவங்க சங்கத்தோட தலைவர்கள்ல ஒருத்தர் வெய்ன் லபியர் மேடை ஏறி, கெட்டவன் கையில இருக்கற துப்பாக்கிய நிறுத்த நல்லவன் கையில துப்பாக்கி இருக்கணும், அது ஒண்ணுதான் வழி, எல்லா ஸ்கூல்லயும் ஆயுதம் தாங்கின போலீஸ் வேணும்னு பேசினார். அந்த வாக்கியம் இன்னிக்கு வரைக்கும் இங்க எல்லா விவாதத்துலயும் சுத்திட்டு இருக்கு. கேக்க நியாயமாத்தான் இருக்கு, நானும் ஒரு காலத்துல தலையாட்டினவதான். அப்புறம் ஒவ்வொரு சம்பவத்தையும் எடுத்துப் படிக்க ஆரம்பிச்சேன்.

1999 ஏப்ரல் 20, கொலராடோ, கொலம்பைன் ஹைஸ்கூல். அங்க அன்னிக்கே துப்பாக்கியோட ஒரு ஷெரிஃப் டெபுடி, அதாவது உள்ளூர் போலீஸ்காரர், டியூட்டில இருந்தார், இது நிறைய பேருக்குத் தெரியாது. வெளிய நின்னு சுட்டுட்டு இருந்த ஒருத்தன் மேல தூரத்துல இருந்து அவர் சுட்டார், படல, அவன் உள்ள போயிட்டான். 12 மாணவர்கள், ஒரு டீச்சர். 2018 பிப்ரவரி 14, ஃப்ளோரிடா பார்க்லேண்ட், 17 பேர். ஆயுதம் வெச்சிருந்த டெபுடி கட்டடத்துக்கு வெளியவே நின்னுட்டார், நாடே அவர கோழைன்னு திட்டுச்சு, கேஸ் போட்டாங்க, 2023 ஜூன்ல ஜூரி குற்றவாளி இல்லைன்னு சொல்லிருச்சு. சரி அவர் பயந்துட்டார்னே வெச்சுக்கோங்க. அடுத்த மூணு மாசத்துல, 2018 மே 18, எங்க டெக்ஸாஸ்லயே சான்டா ஃபே ஹைஸ்கூல். அங்க ஸ்கூல் போலீஸ் பயப்படல, ஓடிப் போய் எதிர்ல நின்னாங்க, ஒரு ஆபீசருக்கு கையில குண்டு பட்டு ரத்தம் கொட்டி மயிரிழையில பொழச்சார். அங்கயும் 10 பேர் போயிட்டாங்க.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும், இல்லைன்னா நான் உங்கள ஏமாத்தறதா ஆயிடும். அதே 2018 மே மாசம் இல்லினாய்ஸ் டிக்சன் ஹைஸ்கூல்ல துப்பாக்கியோட வந்த பையன ஸ்கூல் போலீஸ் துரத்திப் போய் திருப்பிச் சுட்டு மடக்கினார், ஒரு மாணவருக்கும் எதுவும் ஆகல. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி மேரிலாண்ட் கிரேட் மில்ஸ் ஹைஸ்கூல்ல ஒரு பொண்ணு இறந்துட்டா, ஆனா ஸ்கூல் ஆபீசர் உடனே போய் நின்னதால அதோட முடிஞ்சுது. அதனால ஸ்கூல் போலீஸால ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு நான் சொல்லவே மாட்டேன். எங்க ஸ்கூல்ல இருக்கற ஆபீசர் காலையில கேட்ல நின்னு ஒவ்வொரு குழந்தையையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார், அவர் லீவு போட்டா எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.

ஆனா கணக்குன்னு வரும்போது? 2021ல ஜாமா நெட்வொர்க் ஓபன்ங்கற மருத்துவ இதழ்ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, 1980ல இருந்து 2019 வரைக்கும் 133 ஸ்கூல் சம்பவங்கள எடுத்துப் பாத்திருக்காங்க. கிட்டத்தட்ட கால்வாசி சம்பவத்துல ஆயுதம் வெச்ச காவலர் அங்கயே இருந்திருக்கார். மத்த வித்தியாசங்கள எல்லாம் கழிச்சுப் பாத்தும், காவலர் இருந்த இடத்துல சாவு குறையல, 2.83 மடங்கு அதிகமா இருந்திருக்கு. இத வெச்சு காவலராலதான் சாவு கூடுச்சுன்னு யாரும் சொல்ல முடியாது, அந்த ஆராய்ச்சி அத நிரூபிக்கவும் இல்ல. ஆனா குறையும்னு நாம நம்பினோமே, அந்தக் குறைவு எங்கயும் கண்ணுல படலங்கறதுதான் யோசிக்க வேண்டியது.

ஏன் குறையலன்னு எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். காவலுக்கு ஆள் நிறுத்தறதோட அடிப்படையே பயம் காட்டறது, பேங்க் வாசல்ல துப்பாக்கியோட செக்யூரிட்டி நிக்கறாரே அதுபோல. திருட வர்றவன் உயிரோட வீடு திரும்பணும்னு நெனச்சு வருவான், அவனுக்குப் பயம் வேலை செய்யும். ஸ்கூலுக்குள்ள துப்பாக்கியோட வர்ற பசங்கள்ல நிறைய பேர் அன்னிக்கே சாகணும்னு முடிவு பண்ணி வர்றவங்க. அவன எத காட்டி பயமுறுத்துவீங்க? பல பேர் படிச்ச ஸ்கூலுக்கேதான் வர்றாங்க, காவலர் எங்க நிப்பார், எப்ப சாப்பிடப் போவார்னு அவனுக்கு அத்துப்படி.

அடுத்தது நேரம். மத்திய புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 2000ல இருந்து 2013 வரைக்கும் நடந்த இந்த மாதிரி தாக்குதல்கள ஆராய்ஞ்சு ஒரு ரிப்போர்ட் போட்டுச்சு, ஸ்கூல் மட்டும் இல்ல, கடை, ஆபீஸ் எல்லாம் சேத்து. எவ்ளோ நேரம் நடந்துச்சுன்னு தெளிவா தெரிஞ்ச 63 சம்பவத்துல 44 அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுபோச்சு, அதுலயும் 23 ரெண்டே நிமிஷத்துல. ரெண்டாயிரம் பிள்ளைங்க படிக்கற ஹைஸ்கூல்னா நம்ம ஊர் காலேஜ் கேம்பஸ் அளவுக்கு இருக்கும், ஒரு முனையில இருந்து இன்னொரு முனைக்கு ஓடவே மூணு நிமிஷம் ஆகும்.

குறி பாத்து சுடறதும் சினிமாவுல காட்டற மாதிரி இல்லைங்க. நியூயார்க் போலீஸ் பத்தி 2008ல ராண்ட் நிறுவனம் ஒரு ஆய்வு செஞ்சுது, எதிராளியும் திருப்பிச் சுடற சண்டையில போலீஸ் சுட்ட குண்டுல நூத்துக்கு 18தான் குறில பட்டிருக்கு. ட்ரெயினிங் எடுத்த, தினமும் இடுப்புல துப்பாக்கியோட அலையற போலீசுக்கே இந்த நிலைமை. மிச்ச 82 குண்டு எங்க போகும்னு ஒரு ஸ்கூல் வராண்டாவ மனசுல வெச்சு யோசிச்சுப் பாருங்க.

இங்கதான் "டீச்சருக்கே துப்பாக்கி குடுத்துடலாம்"ங்கற பேச்சு வருது. யூட்டால ரொம்ப வருஷமா இருக்கு, டென்னசில 2024 ஏப்ரல்ல சட்டமாச்சு, ஒஹையோல இதுக்கு 700 மணி நேரத்துக்கு மேல ட்ரெயினிங் வேணும்னு இருந்தத 2022ல அதிகபட்சம் 24 மணி நேரமா குறைச்சாங்க. நான் கிளாஸ்ல இருக்கறவளா சொல்றேன், அஞ்சு வயசுக் குழந்தை ஒரு நாளைக்கு இருபது தடவை ஓடி வந்து நம்ம இடுப்பக் கட்டிக்கும். மூக்கு சிந்தி விடணும், ஷூ லேஸ் கட்டி விடணும், தரையில உக்காந்து கதை படிக்கணும். அந்த இடுப்புல குண்டு போட்ட துப்பாக்கி இருக்கலாமா? பீரோவுல பூட்டி வெச்சா ரெண்டு நிமிஷத்துல முடியற விஷயத்துக்கு அது எதுக்கு ஆகும்? 2018 மார்ச்ல கலிஃபோர்னியால ஒரு ஹைஸ்கூல் டீச்சர், அவர் ரிசர்வ் போலீசும் கூட, துப்பாக்கிய எப்படி பத்திரமா கையாளணும்னு பாடம் நடத்தும்போதே கை தவறி கூரைல சுட்டுட்டார். அதுவும் இல்லாம, போலீஸ் உள்ள ஓடி வரும்போது துப்பாக்கியோட நிக்கற டீச்சர் யாரு, கொல்ல வந்தவன் யாருன்னு அந்த அவசரத்துல எப்படித் தெரியும்? இது எனக்கு மட்டும் இல்ல, எங்க ஸ்டாஃப் ரூம்ல வேட்டைக்குப் போற டீச்சருங்களே கேக்கற கேள்வி.

உவால்டே பத்தி நான் தனியா சொல்லியாகணும், ஏன்னா "நல்லவன் கையில துப்பாக்கி" எண்ணிக்கைல குறைவா இருந்ததாலதான் பிரச்சனைன்னா, உவால்டேல பிரச்சனையே வந்திருக்கக் கூடாது. அன்னிக்கு அந்த ஊர் ராப் எலிமென்டரி ஸ்கூல்ல வந்து சேந்தது மொத்தம் 376 போலீஸ். அந்தப் பையன் 11:33க்கு உள்ள போறான், மூணு நிமிஷத்துல முதல் போலீஸ் உள்ள வந்துட்டாங்க, அவன முடிச்சது 12:50க்கு. 77 நிமிஷம். உள்ள குழந்தைங்க போன் போட்டு மெதுவா பேசிட்டு இருந்திருக்காங்க, போலீஸ அனுப்புங்கன்னு. வெளிய அப்பா அம்மாங்க கதறிட்டு நின்னிருக்காங்க, அவங்களப் பிடிச்சு நிறுத்தினதும் போலீஸ்தான். டெக்ஸாஸ் சட்டசபை கமிட்டி ரிப்போர்ட்ட நான் அழுதுட்டேதான் படிச்சேன். அந்த 77 நிமிஷத்த எல்லாரும் பேசறாங்க, பேசணும்தான். ஆனா அதே ரிப்போர்ட்ல இன்னொண்ணு இருக்கு: அவன் சுட்ட சுமார் 142 குண்டுல குறைஞ்சது 100 முதல் போலீஸ் கால் வைக்கறதுக்கு முன்னாடியே சுட்டுட்டான். வெளிக்கதவு சாத்தியிருந்துச்சு, பூட்டிக்கல. 111ம் நம்பர் கிளாஸ்ரூம் பூட்டு சரியா விழாதுன்னு ஸ்கூல்ல பல பேருக்குத் தெரியும், யாரும் சரி பண்ணல. ஒரு பூட்டுங்க. ஒரு நாள் வேலை.

அந்தப் பையனோட துப்பாக்கிக் கதையும் அதுல இருக்கு. 18 ஆகறதுக்கு முன்னாடியே தெரிஞ்சவங்க ரெண்டு பேர்கிட்ட "எனக்கு வாங்கிக் குடு"ன்னு கேட்டிருக்கான், ரெண்டு பேரும் மாட்டேன்னுட்டாங்க. 18வது பிறந்தநாள் வந்துச்சு, கடை வழியா ஏஆர்-15 வகை ரைஃபிள் ரெண்டு சட்டப்படி வாங்கினான், பிறந்தநாள் முடிஞ்சு எட்டாவது நாள் ஸ்கூலுக்குப் போயிட்டான். பீர் வாங்க 21 ஆகணும், ரைஃபிளுக்கு 18 போதும். உவால்டே பெத்தவங்க ஒரு வருஷம் மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்கு நடையா நடந்தாங்க இந்த வயச 21 ஆக்குங்கன்னு, 2023 மே மாசம் கமிட்டியில எப்படியோ பாஸ் ஆச்சு, சபையில ஓட்டுக்கே எடுக்கல.

இப்ப எல்லாமே சரியா நடந்த ஒரு சம்பவத்த சொல்றேன். 2024 செப்டம்பர் 4, ஜார்ஜியா, அபலாச்சி ஹைஸ்கூல். டீச்சருங்க கழுத்துல மாட்டற ஐடி கார்டுலயே அவசர பட்டன் இருந்துச்சு, அமுக்கினாங்க. ஸ்கூல் போலீஸ் சில நிமிஷத்துல நேர்ல போய் நின்னாங்க. சுட்டவன் 14 வயசுப் பையன், சரண்டர் ஆயிட்டான். காவலர் இருந்தார், தைரியமா போனார், பட்டன் வேலை செஞ்சுது, கதவு பூட்டினாங்க. அப்படியும் ரெண்டு மாணவங்க, ரெண்டு டீச்சருங்க இல்ல. வாசல்ல ஆள் நிறுத்தறதால கிடைக்கற நல்ல முடிவே இதுதான்னா, நாம கண்ண வைக்க வேண்டிய இடம் வாசல் இல்லைன்னு எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சுது. அந்தப் பையன் கைக்கு ரைஃபிள் எப்படி வந்துச்சு? அப்பா கிறிஸ்துமஸ் பரிசா குடுத்தது. இந்தச் சூடு நடந்ததுக்கு முந்தின வருஷமே ஆன்லைன் மிரட்டல் சம்பந்தமா எஃப்.பி.ஐ.க்கு தகவல் வந்து உள்ளூர் ஷெரிஃப் ஆபீஸ்ல இருந்து வீட்டுக்கு வந்து அப்பாவையும் பையனையும் விசாரிச்சுட்டுப் போயிருக்காங்க. அப்பா மேலயும் கொலைக் குற்றச்சாட்டு போட்டாங்க.

இது தனி ஒரு கதை இல்லைங்க. அமெரிக்க அதிபருக்குப் பாதுகாப்பு குடுக்கற சீக்ரெட் சர்வீஸ் ஸ்கூல் தாக்குதல்கள ரொம்ப வருஷமா ஆராயறாங்க. 2019 ரிப்போர்ட்ல 2008ல இருந்து 2017 வரைக்கும் 41 சம்பவம் பாத்தாங்க, துப்பாக்கி எடுத்துட்டு வந்தவங்கள்ல கிட்டத்தட்ட முக்கால்வாசி பேர் பெத்தவங்க வீட்டுல இருந்தோ நெருங்கின சொந்தக்காரங்க வீட்டுல இருந்தோ எடுத்திருக்காங்க. 2004ல வந்த பழைய ரிப்போர்ட்ல 37 சம்பவம், அதுல 81 சதவீதத்துல குறைஞ்சது ஒருத்தருக்காவது, பெரும்பாலும் கூடப் படிக்கற பிள்ளைக்கு, இவன் ஏதோ செய்யப்போறான்னு முன்னாடியே தெரியும். அதாவது துப்பாக்கி வீட்டுல, விஷயம் நண்பன் காதுல. ரெண்டுமே ஸ்கூல் வாசலுக்கு வர்றதுக்கு நாள் கணக்கா, வாரக் கணக்கா முன்னாடி இருக்கற இடம். வாசல்ல நிக்கற காவலர் கைக்கு இந்த விஷயம் வந்து சேர்றது கடைசி அஞ்சு நிமிஷத்துலதான்.

மிச்சிகன் ஆக்ஸ்ஃபோர்ட் ஹைஸ்கூல எடுத்துக்கோங்க, 2021 நவம்பர் 30. 15 வயசுப் பையனுக்கு நாலு நாள் முன்னாடி அப்பா துப்பாக்கி வாங்கிக் குடுக்கறார். அன்னிக்குக் காலையில கணக்கு பேப்பர்ல துப்பாக்கி, ரத்தம்னு வரைஞ்சு வெச்சிருக்கறத டீச்சர் பாத்துடறாங்க, அப்பா அம்மாவ வரச் சொல்றாங்க, வந்தாங்க, பையன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகல, எங்க வீட்டுல துப்பாக்கி இருக்குன்னு வாயத் திறக்கல, ஸ்கூல்லயும் யாரும் பைய திறந்து பாக்கல. பைக்குள்ளதான் இருந்துச்சு. ரெண்டு மணி நேரத்துல 4 பிள்ளைங்க போயிட்டாங்க. 2024ல அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் ஆளுக்கு 10ல இருந்து 15 வருஷம் ஜெயில். பிள்ளை ஸ்கூல்ல செஞ்ச கொலைக்காக இந்த மாதிரி பெத்தவங்களுக்கு, அலட்சியத்தால சாவுக்குக் காரணமான குற்றத்துல, தண்டனை கிடைச்சது அமெரிக்காவுலயே அதுதான் முதல் தடவை. மிச்சிகன் 2023ல சட்டமும் கொண்டு வந்துச்சு, வீட்டுல குழந்தை இருந்தா துப்பாக்கிய பூட்டித்தான் வைக்கணும்னு.

எங்க டெக்ஸாஸ்லயும் பூட்டி வைக்கற சட்டம்னு ஒண்ணு இருக்கு, ஆனா 17 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைக்குத்தான் பொருந்தும். சான்டா ஃபே பையனுக்கு வயசு 17. எடுத்தது அப்பாவோட துப்பாக்கிங்கதான். இறந்த பிள்ளைங்களோட குடும்பங்க சிவில் கேஸ் போட்டாங்க, 2024 ஆகஸ்ட்ல ஜூரி பெத்தவங்க மேல தப்பு இல்லைன்னு சொல்லிருச்சு. ஒரே நாடு, ஒரே வருஷம், ரெண்டு மாநிலத்துல ரெண்டு தீர்ப்பு.

சரி, அப்ப மொத்தமா தடை பண்ணிட வேண்டியதுதானே? நம்ம ஊர்ல துப்பாக்கி வேணும்னா கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்து, போலீஸ் விசாரிச்சு, லைசன்ஸ் கிடைச்சாத்தான் உண்டு, அது சலுகை. இங்க அது உரிமை, அரசியல் சட்டத்தோட ரெண்டாவது திருத்தம், 1791ல சேத்தது. 2008ல ஹெல்லர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் 5க்கு 4ன்னு அத தனிமனித உரிமைன்னே உறுதி பண்ணிருச்சு. அதே தீர்ப்புல ஸ்கூல் மாதிரி இடங்கள்ல துப்பாக்கிய தடுக்கலாம்னும் இருக்கு, அத யாரும் சொல்றதில்ல. 2022ல ப்ரூயென் கேஸ்ல இன்னும் ஒரு படி மேல போய், எந்தக் கட்டுப்பாடு போட்டாலும் அதுக்கு இந்த நாட்டோட பழைய சட்ட வழக்கத்துல முன்மாதிரி காட்டணும்னுட்டாங்க. ஆஸ்திரேலியால 1996ல போர்ட் ஆர்தர்ல 35 பேர் இறந்த உடனே சட்டம் மாத்தி கிட்டத்தட்ட ஆறரை லட்சம் துப்பாக்கிய அரசாங்கமே விலை குடுத்து வாங்கி அழிச்சாங்க. பிரிட்டன்லயும் அதே வருஷம் டன்பிளேன் ஸ்கூல்ல 16 குழந்தைங்க போன பிறகு கைத்துப்பாக்கிய தடை பண்ணினாங்க. இங்க ஜனங்க கையில இருக்கறது சுமார் 39 கோடி துப்பாக்கின்னு ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வேன்னு ஒரு ஆய்வு அமைப்பு 2018ல கணக்கு சொல்லுச்சு, மக்கள் தொகைய விட அதிகம். அத யார் எந்த வீட்டுல போய் வாங்குவாங்க?

அரசியல் கணக்கும் இருக்கு. சாண்டி ஹுக் நடந்து நாலு மாசம் கழிச்சு, தனியார் விக்கற துப்பாக்கிக்கும் பேக்கிரவுண்ட் செக், அதாவது வாங்கறவங்களோட பின்னணிய சரி பாக்கறது, வேணும்னு ஒரு சின்ன மாற்றம் நாடாளுமன்ற மேல்சபையான செனட்ல வந்துச்சு, 54 ஓட்டு ஆதரவு, 46 எதிர்ப்பு. நம்ம கணக்குல ஜெயிச்சாச்சு. இங்க தோத்துப்போச்சு, ஏன்னா 60 வேணும். அந்த செனட்ல ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் ரெண்டு இடம், கிட்டத்தட்ட நாலு கோடி பேர் இருக்கற கலிஃபோர்னியாவுக்கும் ரெண்டே இடம். உவால்டேக்கு அப்புறம் 2022 ஜூன்ல ஒரு சட்டம் வந்துச்சு, 21 வயசுக்குக் கீழ வாங்கறவங்களுக்கு கூடுதல் செக், மனநல சேவைக்குப் பணம்னு, அதுவே கிட்டத்தட்ட 30 வருஷத்துல முதல் பெரிய மத்திய சட்டம்.

பேக்கிரவுண்ட் செக்னு சும்மா ஒரு வார்த்தை மாதிரி தெரியும், ஆனா எனக்கு அந்த வார்த்தைய கேட்டாலே எங்க ஊர் பக்கம்தான் ஞாபகம் வரும். 2007 ஏப்ரல் 16, வர்ஜீனியா டெக் யுனிவர்சிட்டி, 32 பேர். அதுல ஒருத்தர் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன், கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரர், தண்ணீர் பத்தின இன்ஜினியரிங் பாடத்துல பெரிய ஆள், அன்னிக்குக் காலையில கிளாஸ் எடுத்துட்டு இருந்தார். சுட்டவன 2005லயே ஒரு நீதிபதி மனநிலை காரணமா ஆபத்தானவன்னு உத்தரவு போட்டிருந்தார், சட்டப்படி அவனுக்கு துப்பாக்கி வித்திருக்கவே கூடாது. அந்த உத்தரவு செக் பண்ற கம்ப்யூட்டர் பட்டியலுக்குப் போய்ச் சேரல, அதனால ரெண்டு துப்பாக்கி கடையில வாங்கிட்டான். அந்த யுனிவர்சிட்டிக்கு ஆயுதம் வெச்ச சொந்த போலீஸ் டிபார்ட்மென்ட் இருந்துச்சு, நிமிஷத்துல வந்தும் சேந்தாங்க, ஆனா அவன் வாசக்கதவுங்கள சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தான். ஒரு தகவல் ஒரு பட்டியல்ல ஏறியிருந்தா. அவ்ளோதான். பதினெட்டு வயசு எனக்கு, பேப்பர்ல கோபின்னு பாத்ததும் எங்க அப்பா பேப்பர மடிச்சு வெச்சுட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல.

துப்பாக்கி வெச்சிருக்கறவங்க எல்லாரும் கல்நெஞ்சக்காரங்கன்னு ஊர்ல ஒரு நெனப்பு இருக்கு, அதுவும் சரியில்ல. எங்க பக்கத்து வீட்டுப் பெரியவர் மான் வேட்டைக்குப் போறவர், காட்டுப்பன்னி அவரோட அண்ணன் பண்ணைய நாசம் பண்ணும், அத சுடப் போவார். "அண்ணன் பண்ணைக்கு ஷெரிஃப் வண்டி வந்து சேர நாப்பது நிமிஷம் ஆகும்மா, அது வரைக்கும் எங்கள நாங்கதான் பாத்துக்கணும்"பார். அவர் சொல்றதுல அர்த்தம் இருக்கு. ஆனா அவர் வீட்டுல அத்தன துப்பாக்கியும் இரும்பு சேஃப்ல, பேரப்பிள்ளைங்களுக்கு நம்பர் தெரியாது. பூட்டி வைக்கறத சட்டமாக்கினா உங்களுக்குக் கோவம் வருமான்னு ஒரு நாள் கேட்டேன், கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "பூட்டாதவன் மேலதான் எனக்குக் கோவம்"னார். கட்டுப்பாடு வேணுங்கறவங்களும் வேண்டாங்கறவங்களும் சேந்து நிக்கக்கூடிய இடம் இதுதான்னு எனக்குத் தோணுது. ஸ்கூல் மட்டும் இல்ல, இங்க துப்பாக்கியால சாகறவங்கள்ல பாதிக்கு மேல தற்கொலைங்க, 2021ல 48,830 பேர்ல 26,000க்கு மேல. ஒரு ராத்திரி கோவத்துல, அவமானத்துல இருக்கற பதினாறு வயசுப் பிள்ளைக்கு பீரோ பூட்டியிருந்தா மறுநாள் காலைன்னு ஒண்ணு வரும்.

ஸ்கூல்ல போலீஸ் இருக்கறதுக்கு இன்னொரு விலையும் உண்டு, சுருக்கமா சொல்லிடறேன். பசங்க சண்டை, பெஞ்ச தட்டறது, டீச்சர எதிர்த்துப் பேசறதுன்னு பிரின்சிபால் ரூம்ல முடிய வேண்டியது கைவிலங்குல போய் முடியுது, அதுல மாட்டறது அதிகமா கறுப்பினப் பிள்ளைங்களும் ஊனம் இருக்கற பிள்ளைங்களும். இதனால கொலராடோ டென்வர் நகரத்துல 2020ல ஸ்கூல் போலீஸ எடுத்துடறதுன்னு முடிவு பண்ணினாங்க, 2023ல ஒரு ஹைஸ்கூல்ல ரெண்டு நிர்வாகிங்கள ஒரு மாணவன் சுட்டதும் திரும்பக் கொண்டு வந்தாங்க. லேசான முடிவு எந்தப் பக்கமும் இல்ல.

இனி அக்காவுக்கு. அம்மாகிட்ட முதல்ல இத சொல்லுங்க, ஒரு குழந்தைக்கு ஸ்கூல்ல இப்படி நடக்கற வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு, துப்பாக்கியால சாகற பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்க சாகறது ஸ்கூலுக்கு வெளிய, வீட்டுலயும் தெருவுலயும். வந்த புதுசுல லாக்டவுன் டிரில் நடக்கும், "லாக்ஸ், லைட்ஸ், அவுட் ஆஃப் சைட்"ம்பாங்க, கதவப் பூட்டி லைட்ட அணைச்சு மூலையில சத்தமில்லாம உக்காரணும். சின்னது வீட்டுக்கு வந்து அத விளையாட்டா சொல்லும், அக்காவுக்கு அன்னிக்கு அழுகை வரும், எனக்கும் வந்துச்சு, குழந்தை முன்னாடி மட்டும் வேண்டாம். ஸ்கூல்ல சேக்கும்போது போலீஸ் இருக்காரான்னு மட்டும் கேக்காதீங்க. கிளாஸ்ரூம் கதவு உள்பக்கம் பூட்ட முடியுமா, வெளிக்கதவ வாரா வாரம் செக் பண்றீங்களா, பிள்ளைங்களுக்கு மனநல ஆலோசனை சொல்ற கவுன்சிலர் எத்தன பேருக்கு ஒருத்தர், ஒரு பிள்ளை மிரட்டல் விட்டான்னு தகவல் வந்தா யார் உக்காந்து பேசுவாங்க, பேர் சொல்லாம தகவல் குடுக்க வழி இருக்கான்னு கேக்கச் சொல்லுங்க. கேக்கறதுல தப்பே இல்ல, நாங்க எதிர்பாக்கறோம். பெரிய குழந்தைகிட்ட, யாராவது ஏதாவது செய்யப்போறேன்னு சொன்னா அது கோள் சொல்றது இல்ல, உடனே பெரியவங்ககிட்ட வந்து சொல்லணும்னு இப்ப இருந்தே பழக்கிடுங்க.

அப்புறம் முக்கியமா, குழந்தைங்க விளையாடப் போற வீட்டுல. நம்ம ஆளுங்களுக்கு இது வாயில வராது, மரியாதைக் குறைவா போயிடுமோன்னு ஒரு கூச்சம். நான் டெக்ஸ்ட்லயே கேட்டுடுவேன், என் பொண்ணுக்கு வேர்க்கடலை ஒத்துக்காது, உங்க நாய் கடிக்குமா, வீட்டுல துப்பாக்கி இருந்தா பூட்டி வெச்சிருக்கீங்களான்னு மூணையும் ஒரே மூச்சுல. இத்தன வருஷத்துல ஒரே ஒரு வீட்டுல முகம் சுளிச்சாங்க, அந்த வீட்டுக்கு நான் பொண்ண அனுப்பல, அந்தப் பிள்ளைய எங்க வீட்டுக்கு வரச் சொல்லிட்டேன். எந்த ஊர், எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்னு முடிவானதும் எழுதுங்க, அங்க ட்ரெயினிங் எடுத்த ஸ்டாஃப் துப்பாக்கி வெச்சுக்கற கார்டியன் முறையா, முழு நேர ஆபீசரான்னு போர்டு மீட்டிங் குறிப்புல பாத்து சொல்றேன்.